விலையோலையில் எஞ்சிய பெயர்கள்

நாஞ்சில் நாட்டில் ஒரு குடும்பத்தின் பூர்வோத்தரத்தைக் கேட்டறிவது அவ்வளவு கடினமான காரியமன்று. வடசேரியிலோ, அதை அடுத்த புத்தேரியிலோ, பழைய வீடு ஒன்றின் திண்ணையில் அமர்ந்து, வயது முதிர்ந்தவர் ஒருவரிடம் அவருடைய முன்னோரைப் பற்றி விசாரித்தால், பாட்டனாரின் பெயரும், அவருக்கு முற்பட்ட காரணவரின் பெயரும், பாகம் பிரிந்த ஆண்டும், எந்தக் குளத்தின் பாசனத்தில் எத்தனை கோட்டை விதைப்பாடு இருந்தது என்னும் கணக்கும் தடையின்றி வந்துவிடும். நிலம் இருந்தமையால் பத்திரம் இருந்தது. பத்திரம் இருந்தமையால் பெயரும் நிலைத்தது. ஆனால், அந்த நிலத்தில் விடியுமுன் இறங்கி உழுது, நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துக் கட்டிச் சுமந்து, களத்தில் சூடடித்து, அளந்து போட்ட கூலி நெல்லைக் கொண்டு பிழைத்த மக்களின் வழியில் வந்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால், இரண்டு மூன்று தலைமுறைக்கு அப்பால் விடை நின்றுவிடுகிறது. அவர்களுடைய ஞாபகசக்தியில் குறையில்லை. அவர்களுடைய முன்னோரின் பெயர்கள் அவர்களிடம் ஒப்படைக்கப்படவே இல்லை. விலைக்கு வாங்கியவர்களின் ஓலைக்கட்டுகளுக்குள் அவை தங்கிப்போயின.

இது வெகு தொலைவான காலத்துச் சங்கதி என்று எவரும் எண்ண வேண்டாம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறை பூரணமாக ஒழிக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24-ஆம் தேதி பிறந்த ராஜ விளம்பரத்தினால்தான். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1836-ல், சமஸ்தானத்தில் எடுக்கப்பட்ட ஜனக் கணக்கு மொத்த மக்கள் தொகையை 12,80,668 என்றும், அவர்களில் அடிமைகளை 1,64,864 என்றும் காட்டுகிறது. அதாவது, அன்றைய திருவிதாங்கூரில் எட்டுப் பேரைச் சேர்த்து நிறுத்தினால் அவர்களுள் ஒருவர் மற்றொருவருடைய உடைமை. நெல் விளையும் பூமியாகிய நாஞ்சில் நாடு அந்தச் சமஸ்தானத்தின் களஞ்சியமாகக் கொண்டாடப்பட்ட பகுதி. களஞ்சியம் நிறைந்த விதத்தைச் சொல்லும்போது அதை நிறைத்த கைகளைச் சொல்லாமல் விடுவது சரித்திரமாகாது.

தமிழ் நாட்டில் அடிமை முறை என்பதே இருந்ததில்லை, பண்ணையாளாக விசுவாசத்தோடு இருந்தவர்களையே அன்னியர் தவறாக அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று வாதிப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு மறுமொழி சொல்ல அன்னியருடைய குறிப்புகள் தேவையில்லை. நம்முடைய சைவ நூலே போதும். புத்தூரில் சுந்தரரின் திருமணத்தைத் தடுத்து நிறுத்திய முதியவர் கையில் கொண்டுவந்தது ஆளோலை. பாட்டனார் எழுதிக் கொடுத்த அந்த ஓலை பேரனையும் கட்டுப்படுத்தும் என்பதும், படியோலை கிழிந்தாலும் மூலவோலை உண்டு என்பதும், பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதும் சேக்கிழார் விரித்துரைக்கும் செய்திகள். பக்தியின் உச்சத்தை விளக்க எழுந்த அந்தக் கதையில் வரும் வழக்குமுறை முழுவதும், பன்னிரண்டாம் நூற்றாண்டு வாசகர்களுக்கு நன்கு பழக்கமாயிருந்த உலகியல் வழக்கேயாகும். கல்வெட்டுகளும் அதையே உறுதிப்படுத்துகின்றன. 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சத்தின் கொடுமை தாளாமல் ஒரு வெள்ளாளர் தம்மையும் தம் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறது. ஆக, பசி வந்தபோது எந்தக் குடியும் விலைப்பொருளாகக் கூடும் என்பதற்கும், சாதியின் பெயரால் சில குடிகள் பரம்பரை பரம்பரையாக விலைப்பொருளாகவே வைக்கப்பட்டன என்பதற்கும் நம்மிடம் எழுத்துச் சான்று உண்டு.

நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை அந்தச் சான்றுகளில் தலையாயது முதலியார் ஓலைகள். வடசேரியிலிருந்து வடக்கே பூதப்பாண்டி வழியாகப் போகிற சாலை மலையடிவாரத்தை நெருங்குமிடத்தில் அழகியபாண்டியபுரம் இருக்கிறது. அவ்வூரின் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தினர் பல தலைமுறைகளாக இப்பகுதியின் நிர்வாகப் பொறுப்பை வகித்தவர்கள். அரசரிடமிருந்து வந்த நீட்டுகளும், வரிக்கணக்குகளும், நிலப் பத்திரங்களும், ஊர்ச்சபை முடிவுகளும் அவர்கள் வீட்டில் ஓலைக்கட்டுகளாகச் சேர்ந்திருந்தன. தேரூரில் பிறந்து பின்னர் புத்தேரியில் வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவ்வோலைகளின் அருமையை உணர்ந்து, அவற்றைப் படித்துப் பிரதி செய்து, அறிஞர் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். குழந்தைப் பாடல்களின் ஆசிரியராகவே பெரும்பாலோர் அறிந்திருக்கிற அந்தக் கவிஞர், சாசனங்களைத் துருவி ஆராய்கிற சரித்திரக்காரராகவும் விளங்கினார் என்பது நாஞ்சில் நாடு பெருமைப்படத்தக்க விஷயம். அவருக்குப் பின், நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் அ. கா. பெருமாள் முதலியார் ஓலைகளைப் பதிப்பித்துப் பொது வாசகர் கைக்குக் கொண்டு சேர்த்தார். தமிழகத்து அடிமை முறையைப் பற்றித் தனி நூலே எழுதிய ஆ. சிவசுப்பிரமணியன் இத்தகைய ஆவணங்களைத் திரட்டி அதன் முழு வடிவத்தையும் காட்டினார்.

அடிமை விலையோலை என்பது எவ்வாறு எழுதப்படும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதலில் கொல்லம் ஆண்டும், மாதமும், தேதியும். அடுத்து விற்பவருடைய ஊரும் பெயரும். பின்னர் வாங்குபவருடைய ஊரும் பெயரும். அதன் பிறகு விற்கப்படும் ஆளின் சாதியும் பெயரும். பெண்ணானால் அவளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பிள்ளைகளின் பெயர்கள். தொடர்ந்து விலையாகப் பேசி முடித்த பணத்தின் தொகை, அந்தப் பணம் குறைவறக் கைப்பற்றப்பட்டது என்னும் உறுதி, இனி அந்த ஆளும் அவர் வயிற்றில் பிறக்கும் சந்ததியும் வாங்கியவருக்கும் அவர் சந்ததிக்கும் உரியவர்கள் என்னும் வாசகம். கடைசியில் சாட்சிகளின் கையொப்பமும், ஓலை எழுதிய கணக்கனின் பெயரும். மலையாளக் கரையில் எழுதப்பட்ட சில பத்திரங்களில் விற்கும் உரிமையோடு கொல்லும் உரிமையும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒரு பசுவையோ மரத்தையோ விற்கும்போது என்னென்ன எழுதப்படுமோ அவை யாவும் இவ்வோலையில் உண்டு. ஆயினும் பெயரை மட்டும் எழுதாமலிருக்க முடியவில்லை. எந்த ஆள் என்று நாளைக்கு வழக்கு வந்தால் அடையாளம் காட்ட வேண்டுமே என்னும் வியாபார எச்சரிக்கையினால் எழுதப்பட்ட அந்தப் பெயர்தான், இன்று ஒரு மனிதர் இந்தப் பூமியில் வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சியுள்ள ஒரே எழுத்துச் சாட்சி.

அந்த ஒரே பெயரைக் கொண்டு ஒரு வம்சத்தைத் தொடர்வது எளிதன்று. அடிமைக் குடிகளிடையே சாத்தன், காளி, அழகன், சக்கி போன்ற சில பெயர்களே மீண்டும் மீண்டும் வழங்கின. பெரும்பான்மையான ஓலைகளில் தந்தையின் பெயர் கிடையாது. எசமானுக்கு முன்னால் நான் என்று தன்னைச் சுட்டிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை; அடியேன் என்றே சொல்ல வேண்டும். தம் கண்ணையும் காதையும் குறிக்கக்கூடப் பழங்கண், பழங்காது என்று இழித்துக் கூறவேண்டியிருந்ததைத் தென்திருவிதாங்கூரில் பணிபுரிந்த மிஷனரி சாமுவேல் மற்றீர் எழுதி வைத்திருக்கிறார். இப்படித் தம்மைத் தாமே சொல்லிக்கொள்ள அனுமதிக்கப்படாத மக்கள் தம்மைப் பற்றி எழுதி வைத்திருக்க வழியேது? ஆகவே அவர்களைப் பற்றிய எழுத்து யாவும் பிறர் எழுதியது. பிறருடைய தேவைக்காக எழுதியது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டுதான் ஆராய்ச்சியாளர் ஓலையைக் கையிலெடுக்க வேண்டும்.

உலகெங்கும் அடிமைகளின் வம்சத்தைத் தேடுகிறவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்ட வழி ஒன்று உண்டு: அடிமையைத் தேட வேண்டுமானால் முதலில் உடையவரைத் தேடு என்பது. உடையவருடைய வீட்டுப் பாகப்பிரிவினை, கடன் முறி, ஒற்றிச் சீட்டு, சீதனக் கணக்கு, கோயிலுக்குத் தர்மமாக எழுதிவைத்த சாசனம் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கினால், அவற்றுள் ஒரே பெயர் வெவ்வேறு இடங்களில் தலைகாட்டும். 1800-ல் மைசூர், கானரா, மலையாளப் பகுதிகளில் யாத்திரை செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்கே அடிமைகள் மூன்று வகையில் கைமாறினார்கள் என்று விவரித்திருக்கிறார்: ஜன்மம் என்னும் பூரண விற்பனை, காணம் என்னும் அடைமானம், பாட்டம் என்னும் ஆண்டு வாடகை. இதனால் நாம் பெறும் பாடம் யாதெனில், விற்பனை ஓலையை மட்டும் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடலாகாது என்பதே. ஒற்றிக்கு வைக்கப்பட்ட ஓர் ஆளின் பெயர், பத்தாண்டுகளுக்குப் பிறகு மீட்புச் சீட்டில் மீண்டும் வரலாம். அப்போது அவரோடு ஒரு மனைவியின் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் சேர்ந்திருக்கலாம். தனியே நின்ற பெயர் அந்த இடத்தில் ஒரு குடும்பமாகிவிடுகிறது.

இரண்டாவதாகக் கவனிக்கத்தக்கது கால நிர்ணயம். கொல்லம் ஆண்டு ஆவணி மாதத்தில் பிறப்பது. ஆதலால் ஆவணி முதல் மார்கழி நடுவரை வரும் தேதிகளுக்கு 824-ம், அதற்குப் பிற்பட்ட தேதிகளுக்கு 825-ம் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். உதாரணமாக, கொல்லம் 988-ன் டிசம்பரில் பிறந்த அடிமை விற்பனைத் தடை விளம்பரம் 1812-க்கு உரியது. 1030-ன் ஜூனில் பிறந்த விடுதலை விளம்பரம் 1855-க்கு உரியது. மூன்றாவது, ஊரும் வயலும். அடிமைகள் பெரும்பாலும் நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்கள். நிலம் விற்கப்பட்டபோது அவர்களும் சேர்ந்தே கைமாறினார்கள். எனவே வயலின் பெயரைப் பற்றிக்கொண்டு போனால் அதில் உழைத்தவர்களின் குடியிருப்பை அடையலாம். நான்காவது, பெயரின் அமைப்பு. 1863-ல், அடிமை ஒழிந்து எட்டே ஆண்டுகள் கழிந்த நிலையில், வெங்ஙானூரில் புலையர் குடியில் அய்யன் என்பவருக்கு மகனாகப் பிறந்த காளி என்னும் குழந்தைதான் பிற்காலத்தில் அய்யன்காளி என்று சரித்திரப் பிரசித்தி பெற்றவர். தந்தை பெயரும் மகன் பெயரும் இணைந்து ஒன்றாகும் இந்த வழக்கம் தெரிந்திருந்தால், பிற்கால ஆவணத்தில் காணப்படும் இரட்டைப் பெயரைப் பிரித்து, அதன் முற்பகுதியை முற்பட்ட தலைமுறையின் ஏட்டில் தேட முடியும்.

அரசாங்கத்து ஏடுகளும் நமக்கு உதவுகின்றன. கர்னல் மன்றோ திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்த காலத்தில், 1812-ல், ராணி கௌரி லட்சுமி பாய் பிறப்பித்த விளம்பரம், நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்களை விலக்கிவிட்டு, மற்றவர்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்தது. வயலில் உழைத்த பெருந்திரளை அந்தத் தடை தொடவேயில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் அங்கீகரிக்கலாகாது என்று விதித்தது. 1847-ல் தென்திருவிதாங்கூர் மிஷனரிகள் மகாராஜாவுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் காலத்தில், 1853-ல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்னும் விளம்பரமும், இரண்டாண்டுகளுக்குப் பின் முழு விடுதலை விளம்பரமும் பிறந்தன. சர்க்காரே அடிமைகளை உடைமையாக வைத்திருந்து, அவர்களைக் குத்தகைக்கும் விட்டதனால், அந்தக் கணக்குகள் அரசாங்கச் சுருணைகளில் ஏறின. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் சுருணைகள் உட்பட லட்சக்கணக்கான ஓலைகள் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு மாறிற்று. ஓலைகள் இடம் மாறவில்லை. அகஸ்தீசுவரத்திலோ தோவாளையிலோ வாழும் ஒருவர் தம் மூதாதையரைத் தேட இன்று அடுத்த மாநிலத்தின் தலைநகருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. தமிழும் மலையாளமும் மட்டுமல்லாமல், வட்டெழுத்தும் கோலெழுத்தும் படிக்கத் தெரிந்தவரின் துணையும் அவருக்கு வேண்டும்.

மூன்றாவது பெரிய ஆதாரம் தேவாலயப் பதிவேடுகள். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சிதம்பர யாத்திரை போனவர், தஞ்சையில் கிறிஸ்து மதத்தைத் தழுவி வேதமாணிக்கம் என்னும் பெயரோடு திரும்பினார்; அவருடைய அழைப்பின் தொடர்ச்சியாக மிஷனரி ரிங்கல்தோபே 1806-ல் இப்பகுதிக்கு வந்தார். அது முதல் லண்டன் மிஷன் சங்கத்தின் சபைகளில் ஞானஸ்நானமும் விவாகமும் மரணமும் பெயர் பெயராகப் பதிவு பெறலாயின. ஓலையில் உடைமையாக எழுதப்பட்ட ஒருவர், தந்தையென்றும் தாயென்றும் கணவரென்றும் மனைவியென்றும் எழுத்தில் ஏறியது பெரும்பாலும் இந்தப் பதிவேடுகளில்தான். ஆனால் இங்கும் ஒரு சிக்கல் எழுகிறது. ஞானஸ்நானத்தில் பழைய பெயர் மறைந்து புதுப்பெயர் வருகிறது. மிஷன் விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு, அவர்களுடைய செலவுக்குச் சந்தா அனுப்பிய ஆங்கிலேய உபகாரிகளின் பெயரையே சூட்டும் வழக்கமும் இருந்தது. நாகர்கோவிலில் திருமதி மால்ட் 1820-களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பள்ளியில் அடிமைக் குடியில் பிறந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களிற் சிலர் தம் விரல்களால் பின்னிய லேஸை விற்ற பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, உடையவருக்குச் செலுத்தித் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டார்கள். தன் விலையைத் தானே உழைத்துக் கொடுத்து நிமிர்ந்த பெண் ஒருத்தி தன் பேத்திகளுக்கு வைத்துப்போகும் செல்வத்தில் அவள் பெயரும் அந்தக் கதையும் முதன்மையாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பெயரின் திரைக்குப் பின்னால் இருக்கும் அவளைக் கண்டுபிடிக்க, பெற்றோர் பெயரையும், ஊரையும், சங்கத்தாருக்கு மிஷனரிகள் எழுதிய ஆண்டறிக்கைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அச்சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்துக் கீழ்த்திசைக் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

நம்மவருடைய பெயர்கள் கடல் கடந்தும் கிடக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கம்பெனியார் அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். போரும் பஞ்சமும் தஞ்சைப் பகுதியை வாட்டிய 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் மட்டும், நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டவர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை இருப்பார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கம்பெனியின் ஏடுகளில் அவர்கள் கிறிஸ்தவப் பெயரோ புராணத் தெய்வங்களின் ஐரோப்பியப் பெயரோ சூட்டப்பட்டு, அதன் பின்னால் வந்த ஊர் ஒட்டப்பட்டு எழுதப்பட்டார்கள். பழவேற்காட்டைச் சேர்ந்த காத்தரீனா என்பவள் பத்தேவியாவில் ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். நீதிமன்றக் குறிப்பு, ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு ஆகியவற்றைக் கோத்து அவளுடைய வாழ்க்கையை ஆராய்ச்சியாளர்கள் மீட்டிருக்கிறார்கள். அவளுடைய மகன் கிறிஸ்தோஃபெல் ஸ்னைமன், ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பெண்ணை மணந்தான். இன்று தென்னாப்பிரிக்காவில் வெள்ளையராகத் தம்மைக் கருதிவந்த ஸ்னைமன் குடும்பத்தார் பலருக்கும் மூதாட்டி, பழவேற்காட்டுப் பெண்ணே. பெற்றவர்கள் வைத்த பெயரை எந்த ஏடும் தாங்கவில்லை; ஆயினும் ஊர்ப்பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தமையால், மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவளுடைய தேசத்தை நம்மால் சொல்ல முடிகிறது.

எண்ணை எழுதிப் பெயரை விட்டுவிடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1850-லும் 1860-லும் எடுத்த கணக்குகளில், உடையவரின் பெயருக்குக் கீழே அடிமைகளின் வயதும் பாலும் நிறமும் மட்டுமே வரிசையாக எழுதப்பட்டன. விடுதலைக்குப் பின் 1870-ல் எடுத்த கணக்கில்தான் அவர்களெல்லாரும் பெயரோடு தோன்றினார்கள். அதற்கு முன்னால் செல்ல முயலும் கறுப்பர் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டிலேயே தடைப்பட்டு நிற்கின்றன. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் நிலைமை சற்று வேறு. களவாக அடிமைகளை இறக்குவதைத் தடுக்க 1812 முதல் டிரினிடாடிலும், பின்னர் மொரீஷியஸ் முதலிய பிற தீவுகளிலும் ஒவ்வோர் அடிமையின் பெயரும் வயதும் பிறந்த இடமும் பதிவாயின. மொரீஷியஸ் பதிவேடுகளில் மலபார் என்று குறிக்கப்பட்டவர்களிடையே தமிழரும் இருக்கிறார்கள். நன்னம்பிக்கை முனையிலும் 1816 முதல் பதிவேடு உண்டு. கேப் டவுன் நகரத்தார் தேவாலயச் சதுக்கத்தில் கருங்கற்களை நிறுவி, அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பெயர்களை அவற்றில் பொறித்திருக்கிறார்கள். ஒரு நகரம் தன் கடந்த காலத்தை ஒப்புக்கொள்வதற்கு இதைவிட நேர்மையான வழி வேறில்லை.

எழுத்தில் இல்லாதவற்றை வாய்மொழி சிலவேளைகளில் காப்பாற்றுகிறது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுகளில் அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமாக நிலைபெற்றவர்களின் கதைகள் பல. அவர்களில் ஏழை எளிய குடியில் பிறந்தவர்களும் உண்டு. கொடை விழாவில் ஆண்டுதோறும் அழைக்கப்படும் அந்தப் பெயர்களை ஊரோடும் வயலோடும் பொருத்திப் பார்ப்பது ஆராய்ச்சியாளரின் கடமை. மத்திய திருவிதாங்கூரில் அடிமைக் குடியின் வழிவந்த பொய்கையில் யோகன்னான், தம் இனத்தாரின் சரித்திரம் எங்கும் எழுதப்படவில்லையே என்னும் ஆற்றாமையையே பாட்டாகப் பாடி ஒரு பெரிய சமூக இயக்கத்தை எழுப்பினார். பெயரும் சரித்திரமும் மறுக்கப்பட்டதை, உணவும் உடையும் மறுக்கப்பட்டதற்கு இணையான அநீதியாக அவர் உணர்ந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

இந்த வேலையைச் செய்யப் புகுந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் தயக்கம் எழும். ஓலைகளை வைத்திருக்கும் குடும்பத்தார், தம் முன்னோர் மனிதரை விற்றார்கள் என்பது வெளியே தெரிந்தால் இழிவாகுமே என்று அஞ்சி, கட்டை அவிழ்க்க மறுக்கிறார்கள். மறுபுறம், விற்கப்பட்டவர்களின் வழியினரிலும் சிலர், பழைய புண்ணைக் கிளற வேண்டாம், பிள்ளைகள் படித்து முன்னேறிவிட்ட காலத்தில் அந்தச் சாதிப் பெயரோடு சேர்ந்த ஓலை எதற்கு என்று கேட்கிறார்கள். இரண்டாவது தயக்கம் மதிக்கத்தக்கது. அவர்களுடைய சம்மதமின்றி இன்றுள்ள எந்தக் குடும்பத்தையும் பழைய ஓலையோடு சேர்த்து அச்சிடுவது தகாது. முதல் தயக்கத்தை அப்படி ஏற்பதற்கில்லை. முன்னோர் செய்ததற்கு இன்றுள்ளவர் குற்றவாளியாகார். ஆனால் அவர்கள் எழுதிய சாட்சியத்தை மறைப்பவர், அல்லது செல்லரிக்க விட்டுவிடுபவர், தம் காலத்தில் தாமே ஒரு குற்றத்தைச் செய்தவராவார். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டும், அடுப்பிலிட்டும் நாம் இழந்த இலக்கியங்களுக்காகத் தமிழுலகம் இன்றும் வருந்துகிறது. அதே நெருப்பிலும் நீரிலும் எத்தனை ஆயிரம் மனிதரின் ஒரே சாட்சியம் போயிற்று என்பதற்காகவும் வருந்தக் கடமைப்பட்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வெளிவந்துள்ள ஆவணத் தொகுதிகளில் பெயர்ச்சுட்டு சேர்க்கும்போது, விற்றவர் வாங்கியவர் பெயர்களோடு விற்கப்பட்டவர்களின் பெயர்களையும் அகராதி வரிசையில் தனியாகத் தர வேண்டும். ஊர், வயல், ஆண்டு, உடன் விற்கப்பட்ட உறவினர் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்துச் சுருணைகளில் நாஞ்சில் நாட்டுக்கு உரியவற்றைப் படமெடுத்து நாகர்கோவிலில் ஒரு பிரதி வைக்க இரு மாநில அரசாங்கங்களும் உடன்பட வேண்டும். பழைய சபைகள் தம் பதிவேடுகள் நைந்துபோகுமுன் அவற்றைப் பிரதி செய்ய வேண்டும். நம்முடைய கல்லூரிகளில் தமிழும் சரித்திரமும் பயிலும் மாணவர்களுக்கு வட்டெழுத்தும் ஓலை படிக்கும் பயிற்சியும் கற்பிக்க வேண்டும். வடசேரியிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் பரணிலோ பெட்டியிலோ ஓலைக்கட்டு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள், படமெடுக்க அனுமதியுங்கள், மூலத்தை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு நிலக்கணக்கின் நடுவே எழுதப்பட்டிருக்கும் பெயர் மற்றொரு வீட்டின் பாட்டனாருடையது. அதை அந்த வீட்டாருக்குத் திருப்பிக் கொடுப்பது, நெடுநாளாகத் தீராமல் இருக்கிற ஒரு கடனைத் தீர்ப்பதாகும்.